இடப்பக்கம் போகாத கடல்

ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி டிவியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் சடசடவென்று பொரிகிற சத்தம் கேட்கும், கையிலுள்ள பூனைமயிரெல்லாம் எழுந்து நிற்கும், சூடான புழுதி வாசனை ஒன்று வரும். எனக்கு இன்றைக்கும் வீடியோ கேம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மற்ற வீடுகளில் பிள்ளைகள் டிவிக் கண்ணாடியைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும், எங்கள் வீட்டில் அதைத் தொட்டதே அம்மாதான். விளையாட உட்காருமுன் விரல் நுனியால் கண்ணாடியைத் தொட்டு, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகே பட்டனில் கை வைப்பாள். அம்மா பிறந்தது கட்டுமாவடியில், கடலோரத்தில். அவள் வீட்டு ஆண்கள் படகில் ஏறுமுன் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். டிவிக்குள் இருந்ததும் கடல் என்பதால் அம்மாவும் அப்படியே செய்தாள்.

நாங்கள் இருந்தது கீரனூரில். அங்கே கடலும் கிடையாது, மழை பெய்யாத வருஷத்தில் கண்மாயும் கிடையாது. அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கட்டுமாவடி ரூட்டில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தினமும் ஏறி இறங்கிய ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு முடித்த கல்யாணம் அது. அந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள் என்பதால் நான் அதற்குள் போகவில்லை. அம்மா கீரனூருக்கு வந்தாள், அப்பா திருச்சி ரூட்டுக்கு மாறினார், நான் பிறந்தேன். நான் மூன்றாவது படித்தபோது கோடை விடுமுறையில் எனக்கு அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வெயிலில் போகக்கூடாது என்று வீட்டோடு கட்டிப்போட்டிருந்தார்கள். நான் படுத்திய பாடு தாங்காமல் ஒருநாள் அப்பா திருச்சியிலிருந்து வரும்போது ஒரு 'டிவி கேம்' பெட்டியோடு வந்து இறங்கினார். அதில் விளையாடுகிற பட்டன் பெட்டிகள் இரண்டு இருந்தன; நாங்கள் அவற்றை 'ரிமோட்டு' என்றோம். அம்மை போட்ட வீட்டுக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பமாட்டார்கள். ஆகவே இரண்டாவது ரிமோட்டு அம்மாவின் கைக்குப் போனது, போனது திரும்பி வரவேயில்லை.

அந்தப் பெட்டியில் செருகுகிற மஞ்சள் நிறக் 'கேசட்'டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அட்டையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக எண் போட்டிருக்கும், உள்ளே போனால் அதே ஏழெட்டு விளையாட்டுகளுக்குத்தான் வேறு வேறு பெயர்கள் வைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதில் ஒன்றுதான் எங்கள் படகு விளையாட்டு. ஒரு நீலப் படகு, ஒரு சிவப்புப் படகு. இரண்டும் ஒரே நேரத்தில் கரையை விட்டுக் கிளம்பும், கடல் தானாகவே வலப்பக்கமாக விரிந்துகொண்டே போகும், பாறையும் அலையும் சுறாவும் எதிரே வரும், எதிலும் மோதாமல் போனால் கடைசியில் ஒரு லைட் ஹவுஸ். நீலம் எனக்கு, சிவப்பு அம்மாவுக்கு. லைட் ஹவுஸை அடைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிட வேண்டும், அதுவும் இரண்டு படகும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டின் ஒரே லட்சியம். நடுவில் நிறுத்திவைத்து நாளைக்குத் தொடர்கிற வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குவோம், கரண்டு போனால் திரும்பவும் கரையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். "போச்சு, தண்ணில போச்சு" என்று அம்மா சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

விளையாட்டு ஆரம்பிக்குமுன் ஒரு படம் வரும். ஒரு ஆள் பெரிய மூட்டை ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டிருப்பான், கீழே கட்டம் கட்டமாக ஏதோ ஒரு தேசத்து எழுத்து நான்கு வரி ஓடும். எனக்கு அது புரியாதது எரிச்சலாக இருந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு கவலையே இல்லை. "இதுல என்னா தெரியல ஒனக்கு? மூட்டைல அரிசி. லைட்டவுசுல இருக்கவங்களுக்குச் சோறு வேணாமா? மழ பேஞ்சு எல்லாரும் கரையில ஒக்காந்துட்டாங்க, இந்த ரெண்டு வத்தைதான் துணிஞ்சு போகுது." சின்னப் படகை அம்மா ஊரில் 'வத்தை' என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் விளையாட்டுக்குக் கதை வந்துவிட்டது. லைட் ஹவுஸில் விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரிவதைப் பார்த்தால் எனக்கு அங்கே யாரோ பசியோடு உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும், ஒருநாள் நான் நிஜமாகவே அழுதும் இருக்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் வராத பதைபதைப்பு அது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், படகு மோதி மூழ்கும் இடத்தில். மூழ்கிய படகிலிருந்து ஒரு பலகை மட்டும் மேலே மிதக்கும், அதன்மேல் ஒரு சின்னப் புள்ளி ஒட்டியிருக்கும். கடல் நகர நகரப் பலகை இடப்பக்க ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். ஊரில் உள்ள எந்தப் பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்த்திருக்காது, தப்பித்த படகை ஓட்டிக்கொண்டு போய்விடும். விளையாட்டைச் செய்தவர்களும் அப்படி நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அம்மாவால் அது முடியவில்லை. "பலகையப் புடிச்சுக்கிட்டு ஆளு கெடக்கு, பாரு புள்ள" என்பாள். உடனே சிவப்புப் படகை இடப்பக்கம் திருப்புவாள். படகு திரும்பும், ஆனால் ஓரத்துக்குப் போனதும் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். அம்மா விடாமல் இடப்பக்கப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பாள், பின்னாலிருந்து பாறை வந்து சிவப்பையும் கவிழ்த்துவிடும். முதலில் மூழ்குவது எப்போதும் நான்தான் என்பதால், என்னைத் தேடிப் போய்ப் போயே அம்மா தினமும் தோற்றாள்.

"நீ போம்மா. இது சும்மா புள்ளிம்மா" என்று நான் கத்துவேன்.

"புள்ளியா? நீதான அது" என்பாள் அம்மா.

அப்பா டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்ப்பார். அவர் பஸ்காரர், நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் அவருக்குப் பெரிது. ஏறாதவனுக்காகப் பஸ்ஸை நிறுத்தினால் ஏறினவன் திட்டுவான் என்பது அவர் அனுபவம். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "ஏங்க, ஊரே போய்ச் சேந்துருச்சு, நீங்க ரெண்டு பேரும் இன்னும் இங்கிட்டே முட்டிக்கிட்டு நிக்கிறீங்களே. வெளையாட்டுதான, விட்டுட்டுப் போக வேண்டியதுதான" என்றார். கேலி செய்யும்போது மட்டும் அம்மாவுக்கு மரியாதை கொடுப்பது அவர் வழக்கம்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தம்பி ஐஸ் பொட்டி மூடியப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, நேரமாச்சுன்னு எல்லாரும் கரையிலயே இருந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

அவள் தம்பி என்றது என் மாமாவை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருதடவை வாடைக்காற்றில் அவருடைய படகு கவிழ்ந்துபோனது. கூடப் போன படகுகள் கரைக்கு வந்து ஆளைக் காணோம் என்றதும், மீனைக்கூட இறக்காமல் அப்படியே திரும்பிப் போய்த் தேடித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாமா அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார், எந்தெந்த மீன் வந்து காலைக் கடித்தது என்று நடித்துக் காட்டுவார். அம்மா அன்றைக்குக் கரையில் நின்றவள், அதனால் அவளுக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை. அம்மா சொன்னதைக் கேட்டதும் அப்பா, "அப்ப ரெண்டு பேருமே முங்காம ஓட்டுங்க. நான் முன்னால பாத்துச் சொல்றேன்" என்று கட்டிலை விட்டு இறங்கி எங்கள் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் "ரைட், ரைட், பாறை வருது, ஓல்டான்" என்று பஸ்ஸில் கேட்கிற சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது.

அப்படித்தான் ஒருநாள் இரண்டு படகும் லைட் ஹவுஸ் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டன. அதுவரை கண்டிராத நிறத்தில் தண்ணீர், கறுத்த வானம், தூரத்தில் விளக்கு. அந்த நேரம் பார்த்து அம்மாவின் சிவப்புப் படகு ஒரு சுறாவில் மோதிக் கவிழ்ந்தது, பலகை மிதந்தது. அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "போ புள்ள, நீயாச்சும் போய் என்னான்னு பாத்துட்டு வா" என்றாள். நான் பார்த்தேன். விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கை தானாக இடப்பக்கப் பட்டனை அழுத்தியது. நீலப் படகு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது, விளக்கடிப் பாறை வந்து அதையும் முடித்துவைத்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு லூசு போதாதுன்னு ரெண்டு லூசு" என்றார். அம்மா என்னைத் திட்டோ திட்டென்று திட்டினாள், திட்டிக்கொண்டே எழுந்துபோய் எனக்கு மட்டும் கருப்பட்டி போட்டுக் கடலை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் நாங்கள் போனதேயில்லை. புழுதி போக எவ்வளவு ஊதிப் போட்டாலும் ஒருநாள் அந்தக் கேசட்டுக்குத் திரையில் கோடு கோடாக வர ஆரம்பித்தது, அப்புறம் அதுவும் வரவில்லை.

அடுத்த வருஷம் அப்பா திருச்சியில் தேடிப் பிடித்து அதன் 'பார்ட் டூ' கேசட்டை வாங்கி வந்தார். நாங்கள் சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுக்காமல் போட்டுப் பார்த்தோம். படகு பெரிதாகியிருந்தது, அதில் பீரங்கி வைத்திருந்தார்கள், பச்சையாக இருந்த பாறை ஊதா ஆகியிருந்தது, சுறாவுக்கு இரண்டு தலை. அம்மா முதல் வேலையாக என் படகு மூழ்கும்வரை காத்திருந்து இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முட்டிக்கொண்டு நின்றது. "அதே வீடுதான். வெள்ளையடிச்சுக் குடுத்துருக்கான்" என்று சொல்லி ரிமோட்டைக் கீழே வைத்தவள், அந்தக் கேசட்டைப் பிறகு தொடவேயில்லை.

இன்றைக்கு நான் நாற்பதை நெருங்குகிறேன். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேம் விளையாடுகிறேன். "இந்த வயசுலயா மேடம்" என்று கேட்கிற சக ஊழியர்கள், போனில் கலர் உருண்டைகளை உடைத்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ இரண்டாம் பாகங்களும் ஐந்தாம் பாகங்களும் பார்த்தாயிற்று. முக்கால்வாசி அம்மா சொன்ன வெள்ளையடிப்புதான். போன பாகத்தைவிட ஊர் பெரிது, கத்தி நீளம், எதிரிக்குத் தலை அதிகம் என்று விளம்பரத்தில் மார்தட்டுவார்கள், உள்ளே போனால் போன பாகத்தில் எந்தச் சுவரில் முட்டினோமோ அந்தச் சுவர் அங்கேயே நிற்கும்.

அதற்காக, தொடர் பாகமே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. புதுசு புதுசு என்று குதிப்பவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு நாடகம் போடுவார்கள். வருஷா வருஷம் அதே கதை, முடிவு என்ன என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரும் "இதைத்தான் போன வருஷமே பார்த்தோமே" என்று எழுந்து போனதில்லை. "இந்த வருஷம் பபூன் யாரு, ராஜபார்ட் யாரு" என்றுதான் கேட்பார்கள். வேறு வேறு ஊரிலிருந்து வந்த நடிகர்கள் மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள், ஒருத்தர் எடக்காகக் கேட்கிற கேள்விக்கு இன்னொருத்தர் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். பழைய கதைக்குள் இந்த வருஷத்துக் கேள்வி ஒன்று வருகிறதே, சனங்கள் அதற்குத்தான் பாயோடு வந்து உட்காருகிறார்கள். இரண்டாம் பாகம் செய்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான். போன தடவை விளையாடினவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

கதை சொல்கிற விஷயத்திலும் எனக்குக் கோபம் உண்டு. இப்போது வருகிற பெரிய விளையாட்டுகளில் கதை சொல்கிறேன் என்று ரிமோட்டைக் கீழே வைக்கச் சொல்லி, நம்மை உட்காரவைத்து, சினிமா மாதிரி காட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் போய்க் காபி போட்டுக்கொண்டு வருகிறேன். பொடிப்பொடிக் கட்டங்களால் ஆன ஒரு சிவப்புப் படகு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றபோது நான் பதறியதற்குக் காரணம், அதை முட்டவைத்தது எங்கள் கை என்பதுதான். நம் கை எங்கே போக ஆசைப்படுகிறது என்பதை ஒட்டித்தான் விளையாட்டில் கதை நடக்கிறது என்று எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலேயே தெரிந்துபோயிற்று.

ஊதிப் போடுகிற கேசட் போய்விட்டது. தொட்டால் பொரிகிற டிவி போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கரண்டு போவதும் நின்றுவிட்டது, அது போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. கரையிலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்பிய அலுப்பு எங்களுக்குத்தான் தெரியும். அந்த நான்கு வரி எழுத்தின் மர்மமும் போய்விட்டது. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதை மொழிபெயர்த்துப் போட்டிருந்தார். மூட்டையில் இருந்தது வெடிமருந்தாம். லைட் ஹவுஸ் எதிரியின் கோட்டையாம், அதைத் தகர்ப்பதற்காகத்தான் இரண்டு படகும் போகிறதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவன் வத்தைல அவன் என்னா வேணா ஏத்தட்டும். நம்ம வத்தைல நான் ஏத்துனது அரிசி" என்றாள்.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் படகு விளையாட்டுக்கு ஒரு புதிய பாகம் வந்திருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை, சின்ன வயதில் அதை விளையாடி வளர்ந்த நாலைந்து பேர் சேர்ந்து செய்ததாகப் போட்டிருந்தது. வெள்ளையடிப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு மாதம் தொடாமல் இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மாமா கட்டுமாவடியிலிருந்து மீனோடு வந்திருந்தார். ரிட்டயர் ஆன அப்பா வழக்கம்போலப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். இப்போது சம்மணம் போட முழங்கால் விடுவதில்லை. திரையில் கடல் விரிந்ததும் மாமா, "இது எந்த ஊருக் கடல்? தண்ணி நெறமே சரியில்லயே" என்று ஆரம்பித்தார். அம்மா அவரை அடக்கிவிட்டு, எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த தட்டை டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சத்தம் எதுவும் வரவில்லை.

அம்மாவின் விரல்கள் இப்போது கொஞ்சம் நடுங்குகின்றன. ஆனால் முதலில் மூழ்கினது வழக்கம்போல நான்தான். என் நீலப் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது, பலகை மிதந்தது. இந்தத் தடவை அதன்மேல் ஒட்டியிருந்தது புள்ளி இல்லை. கையும் காலும் தெரிகிற ஒரு சின்னப் பெண். பலகை இடப்பக்கமாக ஒதுங்கி ஓரத்தில் மறைந்தது.

"நீ போம்மா. லைட் ஹவுசப் பாத்துட்டு வா" என்றேன்.

அம்மா கேட்கவில்லை, சிவப்புப் படகைத் திருப்பினாள். எனக்குத் தெரிந்த இடம்தான் அது, முட்டி நிற்கப்போகிற இடம், அதனால் நான் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டேன். படகு ஓரத்துக்குப் போனது. நிற்கவில்லை. பின்னால் அப்பாதான் முதலில் கவனித்தார். "ஏய், கடல் திரும்புது" என்றார். கடல் மொத்தமும் இடப்பக்கமாக விரிய ஆரம்பித்தது, கடந்து வந்த பாறைகள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. அம்மா பயந்துபோய்ப் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். "அமுக்குக்கா, அமுக்கு" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். சிரிப்புக் கதை சொல்கிற அந்த மனிதரின் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

இந்த உலகத்தில் எங்கோ, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு ஊரில், இன்னொரு வீட்டிலும் அன்றைக்கு யாரோ அந்த இடப்பக்கப் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை ஒன்று வளர்ந்து இதைச் செய்திருக்கிறது. இல்லாவிட்டால் இப்படி ஒன்று யாருக்கும் தோன்றியிருக்காது. அதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணை நீர் மறைத்தது.

பலகை தெரிந்தது. அம்மா படகைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏற என்ன பட்டன் என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் அழுத்தினேன். சின்னப் பெண் படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"ஏறிக்க புள்ள" என்றாள் அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அரிசி மேல உக்காராத."